சிரமம் தோன்றாத இடம்

மனிதன் தன் குறைகளை அறிந்துகொள்வதற்கு நாம் ஏற்படுத்தி வைத்திருக்கும் வழிகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும்போதெல்லாம், சில காலமாக என் மனத்தில் ஒருவிதச் சஞ்சலம் உண்டாகிறது. பள்ளிக்கூடத்துப் பிரம்பில் ஆரம்பித்து, சிவப்பு மையால் திருத்திய கட்டுரை நோட்டு, கல்யாணப் பேச்சு நடக்கும் கூடத்தில் பெண்ணின் நிறத்தையும் பிள்ளையின் சம்பளத்தையும் பற்றி எழும் முணுமுணுப்பு, உத்தியோக ஸ்தலத்தில் மேலதிகாரி அனுப்பும் மெமோ, கோயில் பிராகாரத்தில் தனியே நடக்கும்போது தானாக வந்து சூழ்ந்துகொள்ளும் பச்சாத்தாபம் வரையில், நம்முடைய குறையைச் சுட்டுவதற்கு எத்தனையோ விரல்கள் நீண்டிருக்கின்றன. பலத்தைச் சுட்டுவதற்கு என்ன இருக்கிறது? நடுநிசியில் எழுப்பிக் கேட்டாலும் தன் குறைகளை வரிசையாக ஒப்பிக்கக்கூடிய ஒருவரிடம், "உங்களுடைய பலம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள், அவர் சிறிது சிரிப்பார், வேட்டியின் ஓரத்தைச் சரிசெய்துகொள்வார், பிறகு பேச்சை மாற்றிவிடுவார். இதை அடக்கம் என்று நாம் மெச்சிக்கொள்கிறோம். அடக்கம் என்பது, தன்னிடம் இருப்பதை அறிந்தும் அதைப் பறைசாற்றாமல் இருப்பது. நான் பார்த்த மட்டில் பெரும்பாலோர் மறைப்பதற்கு அவர்களிடம் அந்த அறிவே இல்லை. அவர்களுக்கு மெய்யாகவே தெரியாது. எழுபது எண்பது வருஷம் ஒரு சரீரத்திலும் ஒரு சுபாவத்திலும் குடியிருந்துவிட்டு, அந்தச் சுபாவத்தின் மிகச் சிறந்த அம்சம் இன்னது என்று அறியாமலே ஒருவர் போய்விடக்கூடும் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இதற்குக் காரணம் என்ன என்று யோசிக்கும்போது, பிரயாசைக்கும் மதிப்புக்கும் இடையே நம் மனம் போட்டுவைத்திருக்கும் முடிச்சுதான் முதலில் கண்ணில் படுகிறது. எதற்காக நாம் கண் விழித்தோமோ, எதற்காக வசவு வாங்கினோமோ, எதைக் கற்றுக்கொள்ள மூன்று கோடைகள் செலவழிந்தனவோ அதையே நம் சொத்து என்று எழுதி வைத்துக்கொள்கிறோம். சுவாசிப்பதுபோல் இயல்பாக வருவது கணக்கில் சேருவதில்லை. ஒரு வீட்டுக்கென்று ஒரு வாசனை உண்டு. பழைய மரப்பெட்டியும் விபூதியும் காய்ந்த மிளகாயும் ஈரத் துணியும் கலந்த அந்த வாசனை வாசற்படியைத் தாண்டி வருகிறவனுக்கு உடனே தெரியும், அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு ஒருநாளும் தெரியாது. எங்கள் ஊர்த் தாலுகா ஆபீஸ் வளாகத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு சிறு மேஜையைப் போட்டுக்கொண்டு மனு எழுதிக்கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எது வேண்டுமானாலும் எழுதுவார். அவருக்குத் தம் கையெழுத்தில் அபாரமான பெருமை. கோடு போடாத வெள்ளைத்தாளில் கோடு போட்டதுபோல் வரி நிற்கும்; 'அனுப்புநர்', 'பெறுநர்', 'பொருள்', 'பார்வை' என்ற நான்கும் அளந்து வைத்தாற்போல் தம் தம் இடத்தில் அமர்ந்திருக்கும். இளமையில் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் அடியும் திட்டும் வாங்கிக் கற்ற வித்தை அது என்று அவரே சொல்லுவார். ஆனால் அந்த மரத்தடியில் அவரைத் தவிர இன்னும் மூன்று பேர் மனு எழுதுகிறார்கள். கம்ப்யூட்டரில் அடித்துக்கொடுக்கும் கடையும் எதிரிலேயே இருக்கிறது. இருந்தும் கிராமத்திலிருந்து வரும் கிழவிகள் அவரையே தேடி வருகிறார்கள். அவர் செய்வது இவ்வளவுதான்: வந்தவள் சொல்லி முடிக்கும் வரையில் பேனாவின் மூடியைத் திறப்பதில்லை. மூத்தாள் மகன் செய்த அக்கிரமம், கிணற்றுக்குப் போகும் தடம், செத்துப்போன புருஷனின் வைத்தியச் செலவு என்று அவள் எங்கெங்கோ சுற்றி வந்து மூச்சு வாங்கும்போது, "ஆக, அந்த நாலு சென்ட்டை உன் பேருக்கு மாத்தணும், அவ்வளவுதானே தாயி?" என்று கேட்பார். அந்தக் கேள்வி பிறந்த க்ஷணத்தில் அவளுடைய முகத்தில் ஒரு தெளிவு வருவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். தன் வழக்கு இன்னதென்று அவளுக்கே அப்போதுதான் புரிகிறது. இந்த ஆற்றலைப் பற்றி அவருக்கு யாதொரு பிரக்ஞையும் இல்லை. கையெழுத்தைப் பற்றித்தான் பேசுவார்.

உ. வே. சாமிநாதையருடைய வாழ்க்கையில் 1880-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதியன்று நடந்ததை இந்த எண்ணத்தோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியராக அமர்ந்த வருஷம் அது, வயது இருபத்தைந்து. அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் இரவு பகலாகப் பாடம் கேட்டவரல்லவா? அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் மசியவில்லை, இவற்றால் என்ன பிரயோசனம் என்கிறார். சிந்தாமணி உண்டா, மணிமேகலை உண்டா, சிலப்பதிகாரம் உண்டா என்கிறார். இவர் அவற்றைப் பார்த்ததுகூட இல்லை. இந்தச் சந்திப்பை ஒரு பண்டிதர் தம் அறியாமையை உணர்ந்த கதையாகவே நாம் சொல்லி வருகிறோம். எனக்கோ அதில் வேறொன்று தெரிகிறது. கேள்வி கேட்டவுடன் அவர் எடுத்துவைத்த பட்டியல் முழுவதும் சிரமப்பட்டுத் தேடிய பொருள். அந்தப் பட்டியலில் அவருடைய பலம் இல்லை. புஸ்தகம் கிடைத்தால் அதையும் படித்துப் பொருள் காண முடியும் என்று அவர் கடைசியில் சொன்னாரே, அந்த வார்த்தையில் இருக்கிறது. கண்டிராத நூலின் முன்னால் உட்கார்ந்து, அறிந்தவற்றைத் துணைகொண்டு அறியாததைத் துருவிப் பிடிக்கும் தைரியம், உத்தமதானபுரத்திலிருந்து ஊர் ஊராக ஆசிரியரைத் தேடித் தகப்பனாரோடு நடந்த பிராயத்திலிருந்தே அவரிடம் இருந்திருக்க வேண்டும். யாரும் அதைப் பரீட்சிக்காததால் அதற்குப் பெயர் இல்லாமல் இருந்தது. அலட்சியமாகக் கேட்ட ஒரு மனிதர்தான் அதை வெளியே இழுத்தார். அவருக்கு முன்பே, அந்தக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராஜ செட்டியார், தாம் ஓய்வு பெறும்போது அந்த ஸ்தானத்துக்கு இவரே தகுந்தவர் என்று பிடிவாதம் பிடித்துத் திருவாவடுதுறை ஆதீனகர்த்தரிடம் கேட்டு அழைத்துவந்தார்; செட்டியாருடைய அன்பு ஒரு பாதியைக் கண்டது, முதலியாருடைய அதிருப்தி மறுபாதியைக் கண்டது. அன்புடையவர்களால் மட்டுமே நம்மை அறிய முடியும் என்ற நம்பிக்கையை இந்தச் சம்பவம் எனக்குத் தளர்த்திவிட்டது.

சீதையைத் தேடிப் போன வானரர்கள் தென்கடற்கரையில் கூடிய காட்சியிலும் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. வால்மீகியில் ஒவ்வொருவராக எழுந்து தம்முடைய பலத்தைச் சொல்லுகிறார்கள்: ஒருவர் 10 யோசனை தாண்டுவேன் என்கிறார், ஒருவர் 20 என்கிறார், கிழவராகிய ஜாம்பவான் 90 வரையில் போகலாம் என்கிறார், அங்கதன் 100 தாண்டுவேன், ஆனால் திரும்பிவருவது சந்தேகம் என்கிறான். எல்லோருக்கும் தம் பலத்தின் அளவு எண்ணிக்கையில் தெரிந்திருக்கிறது. எல்லை தெரிந்த பலம் அது. அநுமன் ஒருவன்தான் ஒதுங்கி மௌனமாக உட்கார்ந்திருக்கிறான். தன் வலிமையைப் பிறர் நினைவூட்டும் வரையில் தான் அறியாதிருக்க வேண்டும் என்று ரிஷிகள் இட்ட சாபத்தை உத்தரகாண்டம் காரணமாகச் சொல்லுகிறது. சாபம் இல்லாமலே நம்மில் பலர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஜாம்பவான் அவனிடம் சென்று என்ன செய்கிறார்? நீ சூரன், நீ தீரன் என்று அடைமொழிகளைக் கொட்டுவதோடு அவர் நின்றுவிடவில்லை. அஞ்சனையின் கதையைச் சொல்லுகிறார். உதயசூரியனைக் கனி என்று நினைத்துக் குழந்தை தாவியதையும், இந்திரனின் வஜ்ராயுதம் பட்டுத் தாடை முறிந்ததையும், அதன்பின் தேவர்கள் தந்த வரங்களையும் ஞாபகப்படுத்துகிறார். நடந்தது இது, நீ செய்தது இது என்று சாட்சி சொல்லுகிறார். கம்பரும் மயேந்திரப் படலத்தில் அந்தப் பேச்சுக்கு எவ்வளவோ இடம் கொடுத்திருக்கிறார். அமெரிக்காவில் ராபர்ட் க்வின், ஜேன் டட்டன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு முறையை விவரித்திருக்கிறார்கள்: உறவினர், நண்பர், உடன் வேலை செய்தவர் எனப் பலரிடம், நான் சிறப்பாக இருந்த ஒரு சந்தர்ப்பத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டு வாங்கி, அவற்றில் திரும்பத் திரும்ப வருவது எது என்று தேடவேண்டும் என்பது அதன் சாரம். குணத்தின் பெயரைக் கேட்கவில்லை, சம்பவத்தைக் கேட்கிறார்கள். ஜாம்பவானுக்கு இது தெரிந்திருந்தது. நீ நல்லவன் என்று ஒருவர் சொன்னால் மனம் அதை நம்ப மறுத்துவிடுகிறது. இன்ன நாளில், இன்ன இடத்தில், மழை பெய்துகொண்டிருந்தபோது நீ இப்படிச் செய்தாய் என்று சொன்னால் மறுப்பதற்கு இடமில்லாமல் போகிறது.

நம்முடைய வீடுகளில் அப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்பார்கள்; பிள்ளை கெட்டுப்போவான் என்பார்கள். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையைத் திண்ணையில் மெச்சிப் பேசும் தகப்பனார், அவன் வாசலில் காலெடுத்து வைத்ததும் குரலை மாற்றிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்போம். இதில் ஒரு மென்மையான பயம் இருக்கிறது. அதை நான் பழிக்க விரும்பவில்லை. ஆனால் இதன் பலன் என்னவென்றால், நம் தேசத்தில் ஒரு மனிதரைப் பற்றிய மிகத் துல்லியமான சாட்சியம் அவருடைய செவி மூடிய பிறகே வெளிவருகிறது. என் தகப்பனாரின் ஒன்றுவிட்ட தமக்கையாகிய அத்தை ஒருத்தி கொள்ளிடக் கரையில் ஒரு கிராமத்தில் இருந்தாள். காலமெல்லாம் தன்னை ஒன்றுக்கும் உதவாதவள், எழுத்து வாசனை இல்லாதவள் என்றே சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் இறந்த அன்று நடுவீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து ஒப்பாரி வைத்தார்கள். சாம்பிராணிப் புகையும், ஈரத் தலைமயிரின் வாடையும், வெளியே பறைக்குச் சூடு காட்டும் வைக்கோல் நெருப்பின் கருகல் நாற்றமும் கலந்திருந்த அந்த இடத்தில், ஒவ்வொருத்தியும் தனக்கு அவள் செய்ததை ராகம் போட்டுச் சொன்னாள். பங்காளிச் சண்டையில் பேச்சு நின்றுபோன இரண்டு வீட்டுக்கும் அவள் ஒரே பானையிலிருந்து மோர் கொடுத்தனுப்பியதை ஒருத்தி பாடினாள். பிரசவ வலியில் தான் கத்தியபோது அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் விடியும்வரை பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததை இன்னொருத்தி பாடினாள். ஒருத்திகூட அவளை உத்தமி என்றோ குணவதி என்றோ பொதுவாகச் சொல்லவில்லை. பேச்சில்லாமல் பிறர் துன்பத்தின் பக்கத்தில் இருக்கத் தெரிந்தவள் என்ற உண்மை, பத்துப் பன்னிரண்டு பேர் வாயிலிருந்து, ஒருவரையொருவர் கலந்து பேசாமலே, ஒன்றுபோல் வந்தது. ஆராய்ச்சியாளர்கள் காகிதத்தில் கேட்டு வாங்குவதை நம் பெண்கள் எத்தனையோ தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். கேட்கவேண்டியவள் மட்டும் கேட்கவில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு, பிறர் சொல்வதை நம்பலாமா என்ற சந்தேகம் எழாமல் இருக்குமா? எழத்தான் செய்கிறது, அதுவும் சாதாரணமாக எழவில்லை. பிறர் நம்மிடம் காணும் பலம் பெரும்பாலும் அவர்களுக்கு உபயோகமான பலம். "அவள் பொறுமைசாலி, எதையும் தாங்குவாள்" என்று ஒரு மருமகளைப் பற்றி அந்தக் குடும்பம் முழுவதும் ஒருமுகமாகச் சொல்லும்போது, அந்த வாசகம் ஸ்தோத்திரமா, சுமைகூலிக்கான உத்தரவா என்று எப்படிப் பிரித்தறிவது? விருந்தாளி வந்தால் அவள் சாப்பாடு தள்ளிப்போகும். மாமியார் படுத்தால் அவள் தூக்கம் போகும். நாத்தனார் கோபித்தால் அவளே பணிந்துபோகவேண்டும். ஏன்? அவள்தான் பொறுமைசாலியாயிற்றே! பொறுமை அவளுடைய சுபாவத்தில் இருந்ததா, வேறு வழியில்லாததால் வந்து படிந்ததா என்று யாரும் கேட்டதில்லை. நாளடைவில் அவளும் கேட்பதை நிறுத்திவிடுகிறாள். அவளுக்குக் கணக்கில் தீட்சண்ணியம் இருந்திருக்கலாம், ஒரு காரியத்தை முன்னின்று நடத்தும் அதிகாரம் குரலில் இருந்திருக்கலாம். அவற்றால் அந்த வீட்டுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லாததால் அவை கண்ணில் படவில்லை. ஆபீசுகளிலும் இப்படித்தான். நன்றாக டிராப்ட் எழுதுகிறார் என்று பெயர் வாங்கிய குமாஸ்தா, பத்துப் பேருடைய கடிதங்களை எழுதிக்கொண்டே பென்ஷன் வாங்கிவிடுகிறார். ஆகையால், பிறர் சொல்லும் பலத்தைக் கேட்டுக்கொள்ளும்போது, இதைச் சொல்பவருக்கு இதனால் என்ன லாபம் என்ற கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்வது துர்க்குணம் ஆகாது. அந்தக் காரியத்தைச் செய்து முடித்த மாலையில் நம் உள்ளம் இன்னும் சிறிது செய்யலாம் என்கிறதா, விட்டால் போதும் என்கிறதா என்பதை வேறு எவராலும் நமக்காகச் சொல்ல முடியாது. அங்கேதான் தனிமையும் ஆத்ம பரிசோதனையும் தமக்குரிய வேலையைச் செய்யவேண்டியிருக்கிறது.

ஆத்ம பரிசோதனை என்றாலே நாம் குற்றங்களைத் தோண்டத் தொடங்கிவிடுகிறோம். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இருவர் 1955-இல், மனிதனை நான்கு கட்டமுள்ள ஜன்னலாக வரைந்து காட்டினார்கள்: தானும் பிறரும் அறிந்தது, தான் மட்டும் அறிந்தது, பிறர் மட்டும் அறிந்தது, ஒருவரும் அறியாதது. பிறர் மட்டும் அறிந்த கட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வாய் நாற்றம், தற்பெருமை, பேச்சில் வரும் எரிச்சல் என்று குறைகளையே உதாரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. பலங்களும் அதே இருட்டில்தான் இருக்கின்றன. நிர்வாகவியல் எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் 1999-இல் சொன்ன யோசனை எனக்கு அதைவிட உகப்பாக இருக்கிறது. முக்கியமான தீர்மானம் ஒன்றைச் செய்யும்போது, இதனால் இன்னது விளையும் என்று எதிர்பார்ப்பதை எழுதி வைத்து, 9 அல்லது 12 மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுகிறார். நினைவு என்பது காரியம் முடிந்த பிறகு தன் பழைய எண்ணங்களைச் சௌகரியமாகத் திருத்திக்கொள்ளும். எழுதிய காகிதம் திருத்திக்கொள்ளாது. ரோமச் சக்கரவர்த்தி மார்க்கஸ் ஒரேலியஸ் தமக்காகவே கிரேக்க பாஷையில் எழுதி வைத்த குறிப்புகளின் முதற்பகுதி முழுவதும், பாட்டனாரிடமிருந்து இது, தாயாரிடமிருந்து இது, இன்ன ஆசிரியரிடமிருந்து இது என்று தாம் பெற்ற குணங்களின் கடன் பத்திரமாக இருக்கிறது. தனிமையில் உட்கார்ந்து தன்னைப் பார்க்கத் தொடங்கியவருக்கு முதலில் தென்பட்டவர்கள் பிறர். எனக்கு இது மிகவும் ஆறுதலாக இருக்கிறது. உள்ளே பார்ப்பதும் வெளியே கேட்பதும் இரண்டு வெவ்வேறு மார்க்கங்கள் என்று நாம் பிரித்துவைத்திருப்பது அவ்வளவு சரியல்ல போலும்.

ஆனாலும் கடைசியாக ஒரு பயம் நிற்கிறது, அதை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. அறியப்படாத வரையில் இயல்பாக இருந்த ஒன்று, அறியப்பட்டபின் பாவனையாகிவிடாதா? சங்கீதக் கச்சேரிகளில் இதைக் கண்கூடாகக் காணலாம். ஓர் இளம் பாடகர் ஏதோ ஒரு தருணத்தில் தன்னை மறந்து ஒரு பிருகாவை உதிர்ப்பார். சபை 'பேஷ்' என்று அதிரும். மறு கச்சேரியில் அதே இடத்துக்கு அவர் வரும்போது சபையை ஒருமுறை பார்த்துக்கொள்வார். அந்தப் பார்வையிலேயே பாதி போய்விடுகிறது. சொல்லாமல் விடுவதே தர்மமோ என்று நான் பல இரவுகள் நினைத்ததுண்டு. திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் வலிமைகளை எண்ணும்போது செய்யும் காரியத்தின் வலிமையை முதலில் வைத்து, தன்னுடைய வலிமையை இரண்டாவதாகவே வைக்கிறார். பகைவனுடையதும் துணைவருடையதும் அப்புறம் வருகின்றன. காரியம் முன்னால் நின்றால் தன்னைப் பார்த்துக்கொள்ள அவகாசம் ஏது? சாமிநாதையருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியில் அவர் புகுந்தபோது, ஜைன சமயப் பரிபாஷை ஒரு பக்கம் வழி மறித்தது. நச்சினார்க்கினியர் உரையில் பெயர் தெரியாத நூல்களிலிருந்து வந்த மேற்கோள்கள் ஒரு பக்கம் வழி மறித்தன. கும்பகோணத்து ஜைனர்களின் வீடுகளுக்கு நடந்து, அவர்களிடம் மாணாக்கனைப்போல் உட்கார்ந்து கேட்டார். மேற்கோள்களின் மூலத்தைத் தேடித் திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளைப் புரட்டிச் சங்க நூல்களைக் கண்டார். 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. பூச்சி அரித்து ஓரம் நொறுங்கிய ஏட்டின் முன்னால் யாருக்கும் பாவனை செய்ய முடியாது. எழுத்து தெரிகிறதா இல்லையா என்பதே அங்கே கேள்வி. தம் குருநாதருடைய சரித்திரத்தை 1933, 1934 ஆகிய வருஷங்களில் இரண்டு பாகங்களாக அவர் எழுதினார். பிற்பாடு ஆனந்த விகடனில் சுயசரிதம் எழுதியபோதும், தமக்குக் கற்பித்தவர்களையும், சோறு போட்டவர்களையும், ஏடு கொடுத்தவர்களையும் பற்றித்தான் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். அந்த மனிதர்களை ஒருவர்பின் ஒருவராகப் படித்துக்கொண்டு போகிறவனுக்குத்தான் அவருடைய பலம் இன்னதென்று தெளிகிறது.

மரத்தடிப் பெரியவருக்குச் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் எனக்கு நிச்சயமாகவில்லை. அவருக்கு இப்போது கை லேசாக நடுங்க ஆரம்பித்திருக்கிறது. வரிகள் முன்போல் நேராக நிற்பதில்லை, எதிர்க் கம்ப்யூட்டர் கடையைக் காட்டி, "இனி நமக்கு இங்கே என்னங்க வேலை?" என்று போன வாரம் கேட்டார். தம்மிடம் இருந்த ஒரே சொத்து கையெழுத்து என்று நினைத்திருக்கும் மனிதருக்கு அது போவதைக் காட்டிலும் பெரிய நஷ்டம் என்ன இருக்க முடியும்? நீங்கள் கேட்கத் தெரிந்தவர் என்று பொதுவாகச் சொன்னால் கும்பிட்டுவிட்டு மறந்துவிடுவார். நாலு சென்ட் கிழவியின் கதையை, அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள், எந்தக் கேள்விக்கு அவள் முகம் தெளிந்தது என்பது வரையில் ஒன்று விடாமல் நான் சொல்லலாம். ஆனால் நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன்; எனக்கு அவரால் ஆனது ஒன்றுமில்லை. அவளுக்கு ஆயிற்று. பட்டா அவள் பேருக்கு மாறிவிட்டதென்று கேள்விப்பட்டேன். நகல் வாங்க இந்த மாதம் மறுபடியும் தாலுகா ஆபீசுக்கு வருவாளாம். வந்தால் அவளை மரத்தடிக்கு அழைத்துப் போய், அன்றைக்கு நடந்ததை அவள் வாயாலேயே அவரிடம் சொல்லச் சொல்லிக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.